இறங்காத சனிக்கிழமை

மண்டூர்த் துறையில் ஆறரைப் பாதை.
எங்களுக்குப் பாதை என்றால்
தரையில் கிடப்பதல்ல, வாவியில் மிதப்பது.
ஆறு மோட்டர் சைக்கிள், ஒரு பால் கான்,
நனைந்த சாக்கில் கட்டிய கீரை,
கொப்பியை நெஞ்சோடு அணைத்த பதினொரு பேர்.
அதில் ஒருத்தி சப்தனா.

அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்பதை
மணிக்கூட்டு வார்தான் எனக்குச் சொன்னது,
இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.
இரவில் யானைவெடி கேட்டால்
படுவான்கரையில் யாரும் எழும்புவதில்லை.
அவள் எழும்புகிறாளாம்,
பேப்பர் வாங்க மணி அடித்துவிட்டதென்று.

குருமண்வெளி.
சைக்கிள்கள் இறங்கின, பால் இறங்கியது,
ரியூசன்காரர் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.
அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
"வாகா, கெமிஸ்ட்ரி தொடங்கிரும்."
"கால் வருகுதில்லகா."

எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம்
களுவாஞ்சிகுடிச் சந்தியில் பெனராய்த் தொங்கின.
உன்னால் முடியும். முயன்றால் வானம்.
கீழே போன வருடத்து மூன்று ஏக்காரர்,
கச்சான் காற்று கிழித்த இடத்தில்
ஒருவனுக்கு வாயே இல்லை.
அதையா சொல்வது?
நானும் இறங்கவில்லை.

பாதை திரும்பியது.
ஓட்டுகிற தவேந்திரன் அண்ணன் எங்களைப் பார்த்தார்,
பிறகு எஞ்சினைப் பார்த்தார்.
காசு கேட்கவில்லை.

நடு வாவியில் சொன்னாள்:
"பக்கத்தைத் திறந்தா
எழுத்தெல்லாம் கூனி இறால் மாதிரித் துள்ளுது.
அம்மா குவைத்தில இருந்து ஒவ்வொரு ராவும்
என்ர டொக்டர் புள்ள என்ன செய்யுது எண்டு கேக்கிறா.
ஓகஸ்டில இருந்து
ஒரு பேப்பரும் செய்யல்ல. செய்தன் எண்டுறன்."

அவள் பொய்யைக் கேட்டு
என் பொய்யை எடுத்துக் கொடுத்தேன்.
போன தடவை பிசிக்ஸில் எஃப் வந்ததும்
பைப்பைத் திறந்துவிட்டு அழுதது,
மாமி கேட்டபோது
"சைட் வேலை செய்யுதில்ல" என்றது,
மூன்று கிழமையாக அந்த சைட் வேலை செய்யாதது.
சிரித்தாள். மூக்கால் வந்த சிரிப்பு, பாதி சளி.
பையில் கிடந்து நசிந்த கிம்புலா பணிஸை
வால் அவளுக்கு, தலை எனக்கு.

மூன்று முறை போய்வந்தோம்.
இரண்டாவதில் என் தோளில் நித்திரையாகிப் போனாள்.
கண்ணா மரங்கள் கிட்ட வந்தன, தள்ளிப் போயின.
தோள் விறைத்தது. அசையவில்லை நான்.

எழும்பிப் போனை எடுத்தாள்.
பேசி அழித்தாள், பேசி அழித்தாள்.
கடைசியாக அனுப்பியது இவ்வளவுதான்:
"அம்மா, எனக்கு ஏலாம இருக்கு."
எஞ்சின் சத்தமும் சேர்ந்து போயிருக்கும்.

பதில் மத்தியானம் வந்தது. பதினான்கு செக்கன்.
முதல் ஆறு செக்கனும்
யாருடையதோ வீட்டில் வோஷிங் மெசின் சுற்றுகிறது.
பிறகு, "சாப்பிட்டியா மனே."
பிறகும் அந்த மெசின்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை.
திங்கட்கிழமை ஆலோசனை ரீச்சரின் அறை வாசலில்
இரண்டு தரம் கிறுகி வந்தாள்,
மூன்றாம் தரம் நான் வழியை மறித்து நின்றேன்.
ரீச்சர் அதிகம் பேசவில்லையாம்.
டைம் டேபிளை வாங்கி
இரவு பதினொன்றுக்குப் பிறகு இருந்ததையெல்லாம்
பச்சைப் பேனையால் வெட்டி
'நித்திரை' என்று எழுதினாராம்.
முதல் கிழமை அவள் அதையும் பொய்யாகத்தான் சரி போட்டாள்.

கார்த்திகை மழை, மண்டபக் கூரையில்.
"படம் கீற ரப்பர் கொண்டு வரல்லகா."
பல்லால் கடித்து இரண்டாக்கினேன்.
எச்சில் பாதியைச் சட்டையில் துடைத்து வாங்கினாள்.
வார் ஒரு ஓட்டை வெளியே வந்திருந்தது.
மணி அடித்தது.
அவள் தோள் துள்ளியதைப் பார்த்தேன்.
திரும்பி என்னிடம்,
"மணிதான்," என்றாள்.
"யானை இல்ல."